வாயைத் திறந்தால் காதோரம் 'டக்' என்று சத்தம், வலி: பல்லை அராவித் தேய்த்தால் சரியாகுமா?

செந்தூல்வாசி:

வணக்கம். எனக்கு 31 வயது, கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நாலு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழுந்தவுடன் கன்னம் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தளரும், திரும்ப சாயங்காலம் கணினியை மூடுகிற நேரத்தில் வலி நெற்றிப்பொட்டு வரை ஏறிவிடும். முதலில் காது வலி என்றுதான் நினைத்தேன். காதில் காற்று புகுந்திருக்கும் என்று அம்மா கோடாலித் தைலம் தேய்த்துப் பஞ்சு அடைத்துவிட்டார். கிளினிக்கில் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதற்கும் வலி கேட்கவில்லை. அப்புறம் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போனேன், அவர் காதில் ஒரு குறையும் இல்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் வாயைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கே கேட்கும். போன மாதம் ஒரு நாள் பசியாற மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போயிருந்தோம். ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கப் போகிறேன், வாய் பாதியோடு நின்றுவிட்டது. இரண்டு விரல்கூட நுழையவில்லை. வலியைவிட பயம்தான் அதிகம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து தாடையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தபோது 'டக்' என்று விட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே மாதிரி நடந்தது.

போன வாரம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் மூட்டு நகர்ந்துவிட்டது, முதலில் ஆறு பல்லைக் கொஞ்சம் அராவித் தேய்த்துவிட்டு அப்புறம் கம்பி போட வேண்டும் என்றார்கள். மொத்தம் 9,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வரும், இன்சூரன்ஸ் கொடுக்காது. வருகிற வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். என் பல்வரிசை சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், அப்போதெல்லாம் வராத வலி இப்போது ஏன் வருகிறது என்று கேட்டேன், சரியாகப் பதில் கிடைக்கவில்லை. தேய்த்த பல் திரும்ப வளராதே என்கிற நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை. யாருக்காவது இந்த மாதிரி வந்து குணமாகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

பாயான்லெப்பாஸ் அண்ணன்:

தங்கச்சி, முதலில் வியாழக்கிழமைத் தேதியை ரத்து செய்யுங்கள். பல் எங்கேயும் ஓடிவிடாது, ஒரு மாதம் கழித்தும் தேய்க்கலாம், ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

எனக்கு இடது பக்கம். பினாங்கில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருடமாக சர்க்யூட் போர்டு பரிசோதனை, நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தே இருக்கிற வேலை. 2019-ல் உங்களைப் போலவே காது காது என்று அலைந்தேன், அப்புறம் ஒரு நாள் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது, மூன்று வாரம் கஞ்சியும் தாவ் பூ பா என்கிற மெத்தென்ற சோயாக் கூழும்தான் சாப்பாடு. அரசாங்க மருத்துவமனையில் வாய்-முக அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கத்தி வைக்கப் போகிறார்கள் என்று நடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரலால் அழுத்திப் பார்த்தார், வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது, இந்த நிமிடம், உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கிறதா?"

தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே தெரியாது.

வேலையில் மைக்ராஸ்கோப் ஓரத்தில் ஒரு சின்ன பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். கண்ணில் அது படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், தொட்டால் விட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எண்ணிப் பார்த்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது தடவைக்கு மேல் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஸ்டியரிங்கில் ஒன்று, வீட்டு ஐஸ்பெட்டியில் ஒன்று, போனுக்குப் பின்னால் ஒன்று ஒட்டினேன். இரண்டு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ராத்திரிக்குப் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பல் காப்பு உறை செய்து கொடுத்தார்கள், அது காலை இறுக்கத்துக்கு உதவியது உண்மை, ஆனால் எனக்கு வித்தியாசம் தெரிந்தது பகலில் பல்லை விட்டதில்தான்.

செராஸ் பிசியோ:

நான் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட். தாடை மூட்டு நோயாளிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியது எல்லாம் ஒரு திசையைத்தான் காட்டுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுண்டுவிரலைக் காதுத் துவாரத்தில் லேசாக வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு முன்னால் ஏதோ உருள்வது தெரியும், அதுதான் மூட்டு. காதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் பாதிப்பேர் முதலில் காது டாக்டரிடம் போகிறார்கள். கீழ்த்தாடையின் உருண்டை முனைக்கும் மண்டை எலும்பில் இருக்கிற குழிக்கும் நடுவே ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, குருத்தெலும்பு மாதிரியான மெத்தை. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது முனை கதவுக் கீல் மாதிரி சுழல்கிறது, இன்னும் பெரிதாகத் திறந்தால் தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் சறுக்குகிறது. இந்தத் தட்டு கொஞ்சம் முன்னால் விலகிவிட்டால், முனை அதன் விளிம்பைத் தாண்டி ஏறும்போது 'டக்' என்று கேட்கும். சில நேரம் ஏற முடியாமல் தட்டு முன்னால் மடங்கி நின்றால் வாய் பாதியோடு பூட்டிக்கொள்ளும். மாமாக் கடையில் உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான்.

சத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியில்லாமல் சத்தம் மட்டும் வருகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கு ஒரு சிகிச்சையும் தேவையில்லை. சத்தம் போகாமலே வலி முழுசாகப் போனவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். நாம் பார்க்க வேண்டியது வலியும், வாய் எவ்வளவு திறக்கிறது என்பதும். உங்கள் சொந்த ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பல்லுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள், மூன்றும் போனால் நல்லது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும்.

இப்போது வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் பல்லைக் கடியுங்கள், ஒரு தசை புடைத்து எழும். நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று எழும். காலையில் கல் மாதிரி இறுகுவதும் சாயங்காலம் நெற்றிப்பொட்டுக்கு ஏறுவதும் பெரும்பாலும் இந்தத் தசைகளின் வேலை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர பல்லும் பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. உதடு மூடியிருக்கும், உள்ளே பல் விலகியிருக்கும், அதுதான் தாடை ஓய்வெடுக்கிற நிலை. ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் பன்னிரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தால் அந்தத் தசை என்னவாகும்?

இதற்குத் தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற சுலபமான வழி ஒன்று உண்டு. "ன்" என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். ரெண்டு சுழியா, மூன்று சுழியா என்று நோயாளிகள் குழம்புவார்கள், அதனால் "நான்" என்று சொல்லச் சொல்வேன். முதல் எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடும், கடைசி எழுத்துக்குப் பல்லுக்குப் பின்னால் மேட்டில் போய் நிற்கும். அந்தக் கடைசி இடம்தான் நமக்கு வேண்டும். நாக்கு அங்கே லேசாக ஒட்டியிருக்கும்போது பல்லைக் கடிப்பது தானாகவே குறையும். மேலே அண்ணன் சொன்ன ஸ்டிக்கரோடு இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்து மூடுவதும் ஒரு பயிற்சி. நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும், அப்போது முனை சறுக்காமல் சுழல மட்டும் செய்யும். சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோக்கபாடோ வகுத்த முறையில் இது ஒன்று. 6 பயிற்சி, ஒவ்வொன்றும் 6 தடவை, நாளுக்கு 6 வேளை. கழுத்துக்கும் தோளுக்கும் உரியவையும் அதில் உண்டு, அவற்றை ஒருவர் நேரில் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது.

இரண்டு மூன்று வாரத்துக்கு மெத்தென்ற சாப்பாடு. இட்லி, குழைந்த சோறு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் சரி. சூயிங்கம், சோத்தோங் (கணவாய்), கரும்பு, ஐஸ்கட்டி கடிப்பது, கொய்யாவை முழுசாகக் கடிப்பது வேண்டாம். பெரிய வாயாகத் திறந்து பர்கர் கடிக்காதீர்கள், வெட்டிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு தாடைக்கு அடியில் முஷ்டியை வையுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15 நிமிடம், காலையும் இரவும். கவிழ்ந்து படுக்க வேண்டாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வலி மாத்திரையில் இபுபுரூபன் மாதிரியானவை உதவும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருந்தாளரைக் கேட்காமல் போடக்கூடாது.

பல்லைத் தேய்ப்பது பற்றி: மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துகிற கடியைத் தேய்த்துச் சரிசெய்தால் தாடை மூட்டு வலி குணமாகும் அல்லது வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2003-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த நாள்பட்ட தாடை மூட்டு வலி வழிகாட்டுதல் பலமாகப் பரிந்துரைப்பது எவை என்றால், சிகிச்சையாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, கழுத்து முதுகு நிலையைத் திருத்துவது, வலியைச் சமாளிக்கிற மனநல சிகிச்சை, வீட்டுப் பயிற்சி. எல்லாமே வேண்டாம் என்றால் நிறுத்திவிடக்கூடியவை. கடியை நிரந்தரமாக மாற்றுகிற சாதனங்களையும் தட்டை வெட்டி எடுக்கிற அறுவை சிகிச்சையையும் அது வேண்டாம் என்கிறது. பல் அழகுக்காகக் கம்பி போட விரும்பினால் அது வேறு விஷயம், வலி அடங்கின பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

இரண்டாவது கருத்துக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் கேட்டு நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். கோலாலம்பூரிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்திலும், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் யூகேஎம்மிலும் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கெப்போங் மாறன்:

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு சின்சே (சீன வைத்தியர்) இருக்கிறார், வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரே அழுத்து, தாடை இடத்தில் உட்கார்ந்துவிடும். என் மாமாவுக்கு அப்படித்தான் ஒரே நாளில் சரியானது. போய்ப் பாருங்கள்.

செராஸ் பிசியோ:

மாறன், உங்கள் மாமாவுக்கு வாய் திறந்தபடியே மூட முடியாமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அது தாடை குழியை விட்டு முன்னால் இறங்கிவிடுகிற வேறு கோளாறு. அதை அழுத்தி உள்ளே தள்ளத்தான் வேண்டும், மருத்துவமனை அவசரப் பிரிவில் செய்வதும் அதைத்தான். இந்தத் தங்கைக்கு நேர் எதிர், வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது. வீங்கி வலிக்கிற மூட்டை யாராவது வேகமாகத் தள்ளினால் தசை இன்னும் இறுகும். தயவுசெய்து அங்கே போக வேண்டாம்.

ஜெலுத்தோங் அம்மா:

கேட்டவருக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனால் இதைப் படிக்கிற வயதானவர்களுக்காக எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 58 வயதில் இடது தாடை வலி. ஃப்ளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போனால் படியேறுவார், மூன்றாவது மாடியில் தாடை வலிக்கும், நின்று இளைப்பாறினால் போய்விடும். கடைவாய்ப்பல் என்று நினைத்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறமும் படியேறினால் வலி. ஒரு நாள் வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கியது, ஆம்புலன்ஸ் வந்து பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், இருதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு. மெல்லும்போது வராமல் நடக்கும்போதும் படியேறும்போதும் வருகிற தாடை வலியைப் பல் வலி என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.

செராஸ் பிசியோ:

அம்மா, எழுதியதற்கு மிகவும் நன்றி, நான் மறந்துவிட்டேன். இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, தலை சீவும்போது மண்டைத்தோல் வலிப்பது, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, கண் மங்குவது இவை சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கண் பார்வையே போய்விடும் ஆபத்து உண்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு தாடை வீங்கினாலும், அடிபட்ட பிறகு பல் திடீரென்று பொருந்தாமல் போனாலும் காத்திருக்கக் கூடாது.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வியாழக்கிழமைத் தேதியை ரத்து செய்துவிட்டேன், முன்பணம் 300 வெள்ளி திரும்பக் கிடைக்கவில்லை, பரவாயில்லை. நேற்று முழுக்க "நான், நான்" என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சத்தியம், கணினித் திரையின் மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன், பார்த்த ஒவ்வொரு தடவையும் பல் கடித்தபடிதான் இருந்தது. மின்னஞ்சல் படிக்கும்போது, எல்ஆர்டி ரயிலில் நிற்கும்போது, தலை பின்னும்போதுகூட. விரல் சோதனையில் இரண்டுதான் போகிறது, மூன்றாவது தட்டுகிறது.

செந்தூல்வாசி (ஆறு வாரம் கழித்து):

சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று திரும்ப வந்தேன். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி நிபுணரைப் பார்த்தேன். எலும்பில் தேய்மானம் இல்லை, தட்டு விலகல்தான், பல்லைத் தொட வேண்டாம் என்றார். பிசியோவுக்கு நாலு தடவை போனேன். கன்னத்துத் தசையை அவர் உள்பக்கத்திலிருந்து விரலால் அழுத்தியபோது உயிர் போகிற வலி, ஆனால் அன்று ராத்திரிதான் நாலு மாதத்தில் முதல் தடவையாக வலப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினேன். இப்போது மூன்று விரலும் நுழைகிறது, மூன்றாவது கொஞ்சம் இறுக்கமாக. கடைசியாக வாய் பூட்டிக்கொண்டு நான்கு வாரம் ஆகிறது. கணக்கு முடிக்கிற வாரத்தில் மட்டும் இரண்டு நாள் வலி திரும்பியது, துண்டு ஒத்தடத்தில் அடங்கியது.

சத்தம் இன்னும் இருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு இன்னும் சரியாகவில்லையே என்று கவலைப்படுகிறார். தீபாவளிக்கு முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டோம், நான் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். பிசியோ, கடித்துச் சாப்பிட இன்னும் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும்?

செராஸ் பிசியோ:

கேட்கவே மனசு நிறைந்தது தங்கச்சி. வலியில்லாமல் மூன்று விரல் இரண்டு வாரம் தொடர்ந்து நுழையட்டும். அப்புறம் சின்னத் துண்டாக உடைத்து, கடைவாயில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். முதல் நாள் ஒன்றே ஒன்று, மறுநாள் காலை கன்னம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்தது. பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.